‘அழகான பொண்ணு நான்’ பாடியது யார்? பானுமதியின் முதல் பத்து வருடம்

கன்னங்குறிச்சிக்காரி (ஞாயிறு, இரவு 8.10)

இன்று காலை அக்கா மகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "அலிபாபா படம் எடுத்த கம்பெனி இதுதான்" என்று சொல்லி, போனில் ‘அழகான பொண்ணு நான்’ பாட்டைப் போட்டுக் காட்டினேன். நின்ற இடத்திலேயே முழுசாகப் பார்த்தாள். "இதைப் பாடினது யாரு சித்தி?" என்றாள். ஆடுகிற அந்த அம்மாவேதான் என்றேன். நம்பவே இல்லை. "நடிக்கிறவங்க வாயசைப்பாங்க, பாடுறவங்க வேற" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தது 1956 பொங்கலுக்கு. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம், நம்ம ஊரில் டி.ஆர்.சுந்தரம் எடுத்தது. அந்த வருடத்தில் பி.லீலா, ஜிக்கி, பி.சுசீலா எல்லோரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கதாநாயகி தானே பாட வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. அப்படியும் பி.பானுமதி மட்டும் தன் பாட்டைத் தானே பாடுகிறார். ‘மாசிலா உண்மைக் காதலே’ பாட்டிலும் ஏ.எம்.ராஜாவோடு அவர் குரல்தான்.

இது எப்படி நடந்தது என்று மலை ஏறும்போதும் இறங்கும்போதும் யோசித்துக்கொண்டே வந்தேன். இதற்குப் பதில் அவருடைய முதல் பத்து வருடத்தில், 1939 முதல் 1949 வரையில், இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘பாடவும் தெரிந்த நடிகை’ என்று அவரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அவர் பாடகி. நடிப்பு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. உங்களுக்கெல்லாம் எப்படித் தோன்றுகிறது?

கொலுசுப் பட்டறை (ஞாயிறு, இரவு 9.25)

நல்ல விஷயத்தை எடுத்தீர்கள் அம்மா. நான் செவ்வாய்பேட்டை. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்கள் அவ்வா விடிகாலையில் வாசல் தெளிக்கும்போது ‘பலுகவேமி நா தைவமா’ என்று ஒரு பாட்டை மெல்ல இழுப்பார். பேசமாட்டாயா என் தெய்வமே என்று அர்த்தம். அதை அவர் எங்கே கேட்டுப் பிடித்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. சாமி பாட்டு என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, பானுமதி தன் முதல் படத்தில் பாடியது அது.

படம் ‘வர விக்ரயம்’, 1939. பெயருக்கு ‘மாப்பிள்ளை வியாபாரம்’ என்று பொருள். காள்ளகூரி நாராயணராவ் எழுதிய நாடகத்தை சி.புல்லையா படமாக்கினார். வரதட்சணையைப் பற்றிய கதை. பானுமதிக்கு காளிந்தி வேடம். வரதட்சணை கொடுத்துப் பேசி முடித்த கல்யாணத்துக்கு உடன்பட மனமில்லாமல் உயிரை விடுகிற பெண். அப்போது பானுமதிக்குப் பதின்மூன்று வயது. ஓங்கோல் பக்கம் தொட்டவரம் என்ற கிராமத்தில் பிறந்து, கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய் நடித்தார். தெலுங்குப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் அங்கே போய் எடுத்த காலம் அது.

அப்பா பொம்மராஜு வெங்கடசுப்பையா சங்கீதம் அறிந்தவர். மகளுக்கு அவரேதான் முதல் வாத்தியார். மகளை நடிக்க அனுப்பும்போது, கதாநாயகன் அவளைத் தொட்டு நடிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டே அனுப்பியிருக்கிறார். ஆக, அந்த வீட்டிலிருந்து சினிமாவுக்குப் போனது முதலில் பாட்டுத்தான். நீங்கள் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது.

குகை மணி (ஞாயிறு, இரவு 10.40)

நான் இதில் முழுசாக ஒத்துப்போக மாட்டேன். 1939-ல் பாடாத நடிகை யார்? பாட்டு வராது என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாடக மேடையில் இருந்து அப்படியே வந்த வழக்கம் அது.

நம்ம பக்கத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள், 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்து லட்சம். அது முகத்துக்குக் கொடுத்த பணமா? குரலுக்குக் கொடுத்தது. எம்.எஸ்.சுப்புலட்சுமி 1938-ல் ‘சேவாசதனம்’, 1940-ல் ‘சகுந்தலை’, 1941-ல் ‘சாவித்திரி’. அதில் நாரதர் வேடமே கட்டினார். ஊஞ்சலூர் யு.ஆர்.ஜீவரத்தினம் பதின்வயதுப் பெண்ணாக நம்ம மாடர்ன் தியேட்டர்ஸில் ‘பக்த கௌரி’ படத்தில் நடித்துப் பாடினார், 1941-ல். அடுத்த வருடம் ‘கண்ணகி’யில் கவுந்தி அடிகள். அந்த வயதில் துறவி வேடம்! இவர்களையெல்லாம் விட்டுவிட்டு பானுமதியை மட்டும் ‘பாடகியாக வந்தவர்’ என்றால் மற்றவர்களுக்கு அநியாயம்.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஜீவரத்தினத்தைப் பேசாமல் இருக்கிறோமே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அஸ்தம்பட்டி டீச்சர் (திங்கள், காலை 6.15)

மணி தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். ஆனால் அதே கணக்கை இன்னும் பத்து வருடம் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

நான் நாற்பது வருடம் பாட்டு சொல்லிக் கொடுத்தவள். அந்தக் கால ஷூட்டிங் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே தொண்டை வறளும். நடிக்கும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிரா கண்ணில் படாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மைக் இருக்கிற பக்கமாகக் குரலைச் செலுத்த வேண்டும். முகமும் கோணக் கூடாது. மூச்சு வாங்குவதும் தெரியக் கூடாது. தாளம் ஒரு இடத்தில் பிசகினால் முதலிலிருந்து. பதின்மூன்று வயதுப் பெண் இதையெல்லாம் தாங்கியிருக்கிறாள் என்றால், வீட்டில் அப்பா போட்ட அஸ்திவாரம் அவ்வளவு பலம்.

தமிழில் 1938-ல் ஏ.வி.எம்.மின் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்று தமிழ் சினிமாவில் பிரிந்தது அங்கேதான். கதவு ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. பத்து வருடம் போல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1948-ல் தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து வந்தபின் எடுத்த ‘ராஜமுக்தி’யைப் பாருங்கள். எம்.எல்.வசந்தகுமாரி பின்னணி பாட வந்தது அந்தப் படத்தில். பானுமதி தமிழுக்கு வந்ததும் அந்தப் படத்தில்தான். ஒரே படத்துக்குள் இரண்டு காலமும் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? சுந்தராம்பாள் அம்மா மிகக் குறைவான படங்களே செய்தார். எம்.எஸ். ‘மீரா’வோடு சினிமாவை விட்டுக் கச்சேரிக்கே போய்விட்டார். கண்ணாம்பாவும் ஆரம்பத்தில் சொந்தக் குரலில் பாடியவர்தான், பின்னாளில் அவர் பெயர் வசனத்தில் நின்றது. பாட்டு ஒருவர் கையிலும் நடிப்பு ஒருவர் கையிலுமாகப் பிரிந்தபோது, இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கதாநாயகியாகவும் நின்றவர் என்றால் எனக்கு நினைவு வருவது பானுமதிதான். 1939-ல் பாடியது அந்தக் காலத்து வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். 1949-லும் 1956-லும் பாடியது அவர் முடிவு.

குகை மணி (திங்கள், காலை 9.05)

டீச்சர், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. வழக்கம் வேறு, முடிவு வேறு. சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவை எடுக்கிற தெம்பு எங்கிருந்து வந்தது? குரல் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? தயாரிப்பாளர் ‘வேண்டாம், லீலாவைப் பாடச் சொல்கிறோம்’ என்றால் மற்ற நடிகைகள் என்ன செய்ய முடியும்?

அம்மாபேட்டை (திங்கள், மதியம் 1.30)

இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவள், இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

1939-க்கும் 1949-க்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ‘மாலதி மாதவம்’, ‘தர்மபத்னி’, ‘பக்திமாலா’ என்று படங்கள் வந்தன. ‘கிருஷ்ணப் பிரேமா’ படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த பி.எஸ்.ராமகிருஷ்ணராவைப் பிடித்துப்போய் 1943 ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்டார். வேலையில் பெரிய ஆளாக இல்லாத ஒருவரை, தானே விரும்பி. அப்புறம் நடிப்பை விட்டுவிட்டார். பதினெட்டு வயது முடியவில்லை. வீடு, குடும்பம், அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

எங்கள் சின்னம்மா ஒருவர் இருந்தார். நெசவுக் குடும்பம். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி பாடுவார். பள்ளிக்கூட விழாவில் பாடியதைக் கேட்டுவிட்டு, திருச்சி வானொலிக்குக் குரல் தேர்வுக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். எழுதிப் போட்டார், வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் "பாட்டெல்லாம் இனிமே எதுக்கு" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்தக் கடிதத்தைப் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தார். அவர் போன பிறகு பீரோவைச் சுத்தம் செய்தபோது நான்தான் எடுத்தேன்.

அதனால்தான் 1943-ஐ என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. அங்கேயே முடிந்துபோயிருந்தால் பானுமதியும் ‘நாலைந்து படத்தில் நடித்த பெண்’ என்று ஒரு வரியாகப் போயிருப்பார். முடியவில்லை. பி.என்.ரெட்டி ‘சொர்க்கசீமா’வுக்குக் கூப்பிட்டார். 1945-ல் படம் வந்தது. என்ன வேடம் தெரியுமா? தெருவில் பாடிப் பிழைக்கிற பெண், மேடைக்கு வந்து பெரிய நட்சத்திரமாகிறவள். பாட்டை விட்டுப் போனவருக்குப் பாடகி வேடம். மணி அண்ணா கேட்ட தெம்பு அங்கேயிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன். ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவருக்கு, எதை விடக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

கொலுசுப் பட்டறை (திங்கள், மாலை 4.50)

தங்கச்சி, அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கட்டும்.

‘சொர்க்கசீமா’ பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். நாகையா கதாநாயகன், இசையும் அவர்தான். கண்டசாலா சினிமாவில் பாட ஆரம்பித்தது இந்தப் படத்தில், அதுவும் பானுமதியோடு சேர்ந்து. பிற்காலத்தில் தெலுங்கு தேசமே தலையில் தூக்கி வைத்துக்கொண்ட அந்தக் குரலுக்கு முதல் ஜோடிக் குரல் இவர்.

அதிலே ‘ஓஹோ பாவுரமா’ என்று ஒரு பாட்டு. ரீட்டா ஹேவொர்த் நடித்த ஒரு ஆங்கிலப் படத்தின் பாட்டிலிருந்து பிறந்த மெட்டு அது. கர்நாடக சங்கீதம் படித்த பெண், வெளிநாட்டு மெட்டை எடுத்துத் தன் சரக்காக மாற்றிப் பாடியிருக்கிறார். படம் ஓடியதற்கு அந்தப் பாட்டும் ஒரு காரணம்.

அஸ்தம்பட்டி டீச்சர் (திங்கள், இரவு 7.30)

அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பலுகவேமி’யையும் ‘ஓஹோ பாவுரமா’வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் ஒரு சிறுமி, சொல்லிக் கொடுத்ததைச் சுத்தமாக ஒப்பிக்கிறாள். சுருதி நிற்கிறது, பிருகா விழுகிறது, அழுகையும் வருகிறது. ஆனால் அது வகுப்பில் படித்த பாட்டு. ஆறு வருடம் கழித்து வந்த இரண்டாவதில் குரல் மூச்சோடு கலந்து வருகிறது. சொல்லைப் பாதியில் தளர விடுகிறார், திரும்ப எடுக்கிறார். ஒரு ‘ஓஹோ’வைக் கூப்பிடுகிற மாதிரி ஒருமுறை, கொஞ்சுகிற மாதிரி ஒருமுறை. வகுப்பில் நான் இதைச் சொல்லித் தர முடியாது. இது நடிக்கத் தெரிந்தவர் பாடுவது.

அதனால் கன்னங்குறிச்சி அம்மா ஆரம்பத்தில் சொன்னதை நான் கொஞ்சம் திருத்துவேன். அவர் பாடகியாக வந்தார், உண்மை. ஆனால் அந்த ஆறு வருடத்தில் நடிப்பு அவர் பாட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. 1949-ல் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ‘லட்டு லட்டு மிட்டாய் வேணுமா’ பாடினாரே, அதைக் கண்ணை மூடிக் கேட்டாலே தலை ஆடுவதும் கண் சிமிட்டுவதும் தெரியும். அதே படத்தில் ‘மானும் மயிலும்’ கேட்டால் வேறு ஆள். வேறொருவர் பாடி இவர் வாயசைத்திருந்தால் அந்தக் கண்ணும் அந்தக் குரலும் இப்படி ஒட்டியிருக்காது. ‘அழகான பொண்ணு நான்’ பாட்டிலும் எனக்குப் பிடித்தது அதுதான். பாதி பேச்சு, பாதி பாட்டு.

ஐந்துரோடு (திங்கள், இரவு 9.15)

எனக்கு இருபத்திரண்டு வயது. பானுமதி என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் கண்டிப்பான அம்மா என்றுதான் தெரியும். இன்று ராத்திரி நீங்கள் சொன்ன பாட்டுகளை ஹெட்போனில் கேட்டேன். ‘பலுகவேமி’ பதிவு ரொம்பத் தேய்ந்து, இரைச்சலாக இருக்கிறது. ஆனாலும் ஒரு குழந்தை அழுதுகொண்டே பாடுவது போல இருந்தது, இரண்டு முறை கேட்டேன்.

ஒரு கேள்வி. இப்போது ஆண்ட்ரியா மாதிரி ஆட்கள் இருக்கிறார்களே? 2005-ல் ‘அந்நியன்’ படத்தில் பாடினார், 2007-ல் ‘பச்சைக்கிளி முத்துச்சரம்’ படத்தில் நடிக்க வந்தார். அவரும் பாட்டு வழியாகத்தானே வந்தார். இதுவும் அதுவும் ஒன்றா?

கன்னங்குறிச்சிக்காரி (திங்கள், இரவு 10.20)

தம்பி, வழி ஒன்றுதான், ஆனால் போகிற ரோடு மாறிவிட்டது. ஆண்ட்ரியா பாடினால் அது தனியாக ஒரு பாட்டு, நடித்தால் அது தனியாக ஒரு வேடம். பிடித்ததைச் செய்யலாம், ஒன்றை விட்டால் இன்னொன்று கெடாது. அது நல்ல சுதந்திரம், குறையாகச் சொல்லவில்லை. பானுமதிக்கு இரண்டும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியிருந்தது, அதையே அவர் கடைசிவரை வைத்துக்கொண்டார்.

மணி அண்ணா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். தயாரிப்பாளர் ‘வேறொருவரைப் பாட வைக்கிறோம்’ என்றால் என்ன செய்வது? பானுமதி தானே தயாரிப்பாளர் ஆகிவிட்டார்! கணவரோடு சேர்ந்து மகன் பரணி பெயரில் பரணி பிக்சர்ஸ் தொடங்கினார். ‘ரத்னமாலா’, அப்புறம் 1949-ல் ‘லைலா மஜ்னு’. கணவர் இயக்கம், சி.ஆர்.சுப்பராமன் இசை, இவர் நடிப்பும் பாட்டும். அதே 1949-ல் தமிழில் பி.யு.சின்னப்பாவோடு ‘ரத்னகுமார்’, அண்ணா எழுதி என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த ‘நல்லதம்பி’, ‘அபூர்வ சகோதரர்கள்’. ஒரே வருடத்தில் இத்தனை. 1953-ல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்று மொழியிலும் தானே இயக்கினார்.

ஆக, 1956 படத்துக்கு நம்ம ஊருக்கு வந்தபோது அவர் வெறும் கதாநாயகி இல்லை. சொந்தப் படக் கம்பெனி நடத்துகிறவர், படம் இயக்கத் தெரிந்தவர். டி.ஆர்.சுந்தரம் தன் கம்பெனியில் கண்டிப்புக்குப் பேர் போனவர் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவர் எடுத்த படத்தில் அவர் பாட்டை அவரேதான் பாடியிருக்கிறார்.

டீச்சர், நீங்கள் திருத்தியதை மனதார ஏற்கிறேன். ‘பாடகி, நடிப்பு பின்னால் வந்தது’ என்று நான் எழுதியது அவசரம். வகுப்புப் பாட்டு, நடிப்புப் பாட்டு என்று நீங்கள் பிரித்துக் காட்டிய பிறகு இரண்டையும் மறுபடி கேட்டேன். அம்மாபேட்டை தங்கச்சி சொன்ன அந்த இரண்டு வருட இடைவெளி எனக்குத் தெரிந்தேதான் இருந்தது, அதைப் பெரிதாக எண்ணவே இல்லை. இனி எண்ணாமல் இருக்க முடியாது.

குகை மணி (செவ்வாய், காலை 8.00)

சரி, முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சு யு.ஆர்.ஜீவரத்தினம் பற்றி இருக்கட்டும். ‘பக்த கௌரி’ பாட்டுகள் தெரிந்தவர்கள், வீட்டில் பழைய இசைத்தட்டோ பாட்டுப் புத்தகமோ வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் பரணில் கட்டாயம் ஏதாவது இருக்கும்.

அம்மாபேட்டை (செவ்வாய், காலை 11.40)

எங்கள் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, சின்னம்மாவுடையது. பாட்டுப் புத்தகங்கள் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன்.

கன்னங்குறிச்சிக்காரி (செவ்வாய், இரவு 9.00)

அக்கா மகள் இன்று வீட்டுக்கு வந்திருந்தாள். ‘ஓஹோ பாவுரமா’ போட்டுக் காட்டினேன். "இதுவும் அவங்களேவா?" என்றாள். தலையாட்டினேன். இந்த முறை நம்பினாள். பாவுரம் என்றால் என்ன என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொலுசுப் பட்டறை ஐயா, உங்களைத்தான் கேட்க வேண்டும்.

கொலுசுப் பட்டறை (செவ்வாய், இரவு 9.10)

புறா, அம்மா. ‘ஓ புறாவே’ என்று கூப்பிடுகிறார்.